ஒரே கடலில் மூன்று வகை டால்பின் இருந்தால், மீன் யாருக்கு?

இலங்கையின் கல்பிட்டித் தீபகற்பத்துக்குப் போய், படகில் நூற்றுக்கணக்கான ஸ்பின்னர் டால்பின்களைப் பார்த்துவிட்டு வந்த ஒருவர் கேட்ட கேள்வி இது. "பக்கத்துக் களப்பில் வேறொரு வகை டால்பின் இருக்கிறது, வெளிக்கடலில் இன்னும் இரண்டு மூன்று வகை உண்டு என்று படகுக்காரர் சொன்னார். எல்லாமே மீன் தின்கிறவைதானே? ஒன்றின் இரையை மற்றொன்று பிடுங்காதா? சண்டை வராதா? கலந்து குட்டி போடாதா?"

நல்ல கேள்வி. மூன்றுக்கும் தனித்தனியாகப் பதில் சொல்ல வேண்டும். இரையைப் பிடுங்குவது குறைவு, ஏனென்றால் பெரும்பாலான நேரம் ஒன்று இரை தேடும் இடத்தில் மற்றொன்று இருப்பதே இல்லை. சண்டை வரும், சில இடங்களில் உயிர்போகும் அளவுக்கு வரும். குட்டியும் போடும், அபூர்வமாக. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், விஷயம் அப்படிப்பட்டது.

முதலில் ஒரு கிணற்றை நினைத்துக்கொள்ளுங்கள். பாகம் பிரிந்த அண்ணன் தம்பி மூன்று பேருக்கும் அது பொதுக்கிணறு. தண்ணீரை மூன்று தொட்டியாகப் பிரிக்க முடியாது. அதனால் முறை வைத்துக்கொள்வார்கள். ஒருவருக்குக் காலை, ஒருவருக்கு மாலை, ஒருவருக்கு ராத்திரி. கிணறு ஒன்றுதான், ஆனால் ஒருவர் இறைக்கும்போது மற்றவர் வயலில் இருப்பார். டால்பின்களும் கடலை ஏறக்குறைய இப்படித்தான் வைத்திருக்கின்றன. நேரத்தால் ஒரு முறை, ஆழத்தால் ஒரு முறை, வாயின் அளவால் ஒரு முறை. யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்த முறை அல்ல அது. எத்தனையோ ஆயிரம் தலைமுறைகளில் உடம்பிலேயே எழுதப்பட்டுவிட்ட முறை.

கல்பிட்டியையே எடுத்துக்கொள்வோம். ஒரு பக்கம் புத்தளம் களப்பு. ஆழம் குறைந்த, கலங்கலான, கண்டல் மரங்கள் சூழ்ந்த தண்ணீர். அங்கே இருப்பது கூன்முதுகு டால்பின். முதுகுத்துடுப்புக்கு அடியில் ஒட்டகத் திமில் மாதிரி ஒரு மேடு இருக்கும், அதனால் அந்தப் பெயர். பெரும்பாலும் இருபது, இருபத்தைந்து மீட்டருக்கும் குறைந்த ஆழத்திலேயே வாழ்ந்து முடித்துவிடும். கழிமுகமும் களப்பும் கரையோரமும்தான் அதன் உலகம். மடவை, கத்தாளை மாதிரியான கரையோர மீன்கள்தான் அதன் சாப்பாடு. கூட்டமும் சிறியது, பல நேரம் கைவிரல் விட்டு எண்ணிவிடலாம்.

தீபகற்பத்தின் மறுபக்கம் வெளிக்கடல். அங்கே கரைக்கு ஓரளவு பக்கத்திலேயே கண்டத்திட்டு முடிந்து, தரை செங்குத்தாக இறங்கிவிடுகிறது. அந்த விளிம்பில்தான் நீங்கள் பார்த்த ஸ்பின்னர்கள் வருகின்றன. நூறு, இருநூறு, சில நாட்களில் ஆயிரம். துள்ளி எழுந்து காற்றிலேயே தன்னைத்தானே சுற்றிக்கொள்ளும் அந்த டால்பின், ஒரே துள்ளலில் ஏழு சுற்று வரைகூடச் சுற்றும்.

இந்த இரண்டுக்கும் இடையில் நிலம் குறுகலாகத்தான் இருக்கிறது. ஆனால் சாப்பாட்டுக் கணக்கில் பார்த்தால் இவை இரண்டு வேறு நாடுகளில் வாழ்கின்றன. ஸ்பின்னரின் இரை லாந்தர் மீன் என்று சொல்லத்தக்க, உடம்பில் ஒளிப்புள்ளிகள் கொண்ட விரல் நீள மீன்களும், சின்னக் கணவாய்களும், ஆழ்கடல் இறால்களும். பகலில் இவை சில நூறு மீட்டர் ஆழத்தில் இருட்டில் ஒளிந்திருக்கும். பொழுது சாய்ந்ததும் கோடிக்கணக்கில் மேலே ஏறி வரும். விடிவதற்குள் மறுபடி இறங்கிவிடும். இரண்டாம் உலகப் போரின்போது சோனார் கருவி வைத்துக் கடலை அளந்தவர்களுக்கு இந்தக் கூட்டம் கடல் தரை மாதிரியே தெரிந்தது. ராத்திரியில் மேலே ஏறி வரும் தரை! உயிர்களின் படலம் அது என்று பிறகுதான் புரிந்தது.

ஸ்பின்னர் இந்தப் படலத்துக்காகவே வாழ்கிறது. அது இரவுப் பணிக்காரர். இதை நுணுக்கமாகப் பார்த்த இடம் ஹவாய். ஒலியலைக் கருவிகளை வைத்து இருட்டில் நடப்பதைப் படம்பிடித்தபோது தெரிந்தது இது: பதினாறிலிருந்து இருபத்தெட்டு டால்பின்கள் வரை சோடி சோடியாக ஒரு வட்டம் கட்டுகின்றன. படலத்தில் இருக்கும் இரையை நெருக்கி நெருக்கி நடுவில் குவிக்கின்றன. அப்புறம் எதிரெதிரே இருக்கும் சோடிகள் உள்ளே போய்ச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்து வட்டத்தில் நிற்கின்றன. அடுத்த சோடி உள்ளே போகிறது. நம் ஊர்ப் பந்தி மாதிரிதான், ஆனால் பரிமாறுகிறவரும் சாப்பிடுகிறவரும் ஒருவரே.

விடிந்ததும் கரைப்பக்கம் வந்து ஓய்வு. நெருக்கமாகக் கூடி, சத்தம் குறைத்து, மெதுவாக நீந்திக்கொண்டே மூளையின் ஒரு பாதியைத் தூங்க விடும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் திரும்பி வருகிறேன்.

உயிரியலில் இதற்கு ஒரு பழைய விதி இருக்கிறது. 1934-இல் ரஷ்ய விஞ்ஞானி காஸ், ஒரே கண்ணாடிக் குழாயில் பாரமீசியம் என்ற ஒற்றைச் செல் உயிரியின் இரண்டு வகைகளை வளர்த்துப் பார்த்தார். இரண்டுக்கும் ஒரே சாப்பாடு. சில நாட்களில் ஒன்று மிஞ்சியது, மற்றொன்று அழிந்தது. எல்லா வகையிலும் ஒரே தேவை உள்ள இரண்டு இனங்கள் ஒரே இடத்தில் நீடிக்க முடியாது என்பது அதன் சாரம். அப்படியென்றால் ஒரு கடலில் மூன்று டால்பின்கள் நீண்ட காலமாக நீடிக்கின்றன என்றாலே, எங்கேயோ ஒரு வித்தியாசம் இருக்கிறது என்றுதான் அர்த்தம். அதைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் வேலை.

வாயைத் திறந்து பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். ஸ்பின்னருக்கு நீண்டு ஒல்லியான அலகு, ஊசிப் பற்கள், மொத்தம் இருநூறைத் தாண்டலாம். சின்ன, வழுக்கும் இரையைக் கவ்வ அது போதும். பாட்டில் மூக்கு டால்பினுக்குக் குட்டையான தடித்த அலகு, ஒரு வரிசைக்கு இருபதிலிருந்து இருபத்தெட்டுப் பற்கள் வரை, ஒவ்வொன்றும் கட்டை மாதிரி. பெரிய மீனையும் சமாளிக்கும். இலங்கைக் கடலில் இருக்கும் ரிஸ்ஸோ டால்பினுக்கு மேல்தாடையில் பொதுவாகப் பல்லே இல்லை, கீழே சில சோடிகள் மட்டும். கணவாயை உறிஞ்சி விழுங்குகிறதற்குப் பல் எதற்கு? முதுகுத்துடுப்பே இல்லாத கடற்பன்றிக்கு மண்வெட்டி வடிவத்தில் சின்னப் பற்கள். (கடற்பன்றி டால்பின் இல்லை, நெருங்கிய சொந்தம். ஆனால் இதே கரையோரத்தில் பங்கு கேட்கிற ஆள் என்பதால் சேர்த்துச் சொல்கிறேன்.)

மீதிப் பாதிக்கு ஆய்வாளர்கள் இரண்டு வழி வைத்திருக்கிறார்கள். ஒன்று, கரை ஒதுங்கிச் செத்த டால்பினின் வயிறு. மீனின் காதுக்குள் இருக்கும் சின்னக் கல்லும் கணவாயின் கிளி மூக்கு மாதிரியான அலகும் சீக்கிரம் செரிக்காது. அவற்றை வைத்து எந்த மீன், எவ்வளவு பெரியது என்று சொல்லிவிடலாம். இரண்டாவது, உயிரோடு இருக்கும் டால்பினின் தோலில் நகக்கண் அளவு துண்டு எடுத்து, அதிலுள்ள கார்பன், நைட்ரஜன் ஐசோடோப்புகளை, அதாவது ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்களை, அளப்பது. உணவுச் சங்கிலியில் மேலே போகப் போகக் கனமான நைட்ரஜன் கூடும். கரையோரத்தில் மேய்ந்ததா, ஆழ்கடலில் மேய்ந்ததா என்பதைக் கார்பன் காட்டிக் கொடுக்கும். ஒரே படகிலிருந்து பார்த்த இரண்டு வகை டால்பின்களின் தோல் இரண்டு வெவ்வேறு சமையலறையைச் சொல்லும்.

சரி, கல்பிட்டி மாதிரி களப்பு ஒரு பக்கம், ஆழ்கடல் மறுபக்கம் என்று இருந்தால் பங்கீடு சுலபம். ஒரே மணல் திட்டில், ஒரே தெளிந்த தண்ணீரில், தினமும் முகத்தோடு முகம் பார்க்கும்படி இரண்டு வகை இருந்தால்?

அதற்குப் பஹாமாஸ்தான் பாடம். புளோரிடாவுக்குக் கிழக்கே 'சின்ன பஹாமா திட்டு' என்று ஒரு பெரிய மணல் மேடை கடலுக்கடியில் இருக்கிறது. பெரும்பகுதி பத்து மீட்டர் சுமார் ஆழம், வெள்ளை மணல், கண்ணாடித் தண்ணீர். 1985-இலிருந்து டெனிஸ் ஹெர்சிங் என்ற ஆய்வாளரும் அவர் குழுவும் ஒவ்வொரு கோடையிலும் அங்கே தண்ணீருக்குள் இறங்கி இரண்டு வகை டால்பின்களைப் பார்த்து வருகிறார்கள். ஒன்று அட்லாண்டிக் புள்ளி டால்பின், மற்றொன்று பாட்டில் மூக்கு டால்பின். பாட்டியையும் பேத்தியையும் பெயர் சொல்லி அடையாளம் காட்டும் அளவுக்கு நீண்ட பழக்கம். புள்ளி டால்பின் பிறக்கும்போது புள்ளியே இருக்காது. வயது ஏற ஏறப் புள்ளி விழுந்து, கடைசியில் புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். தோலைப் பார்த்தே இளசா, பெரிசா என்று சொல்லிவிடலாம் என்பது ஆய்வாளர்களுக்குக் கிடைத்த பெரிய வசதி.

இங்கே சாப்பாட்டுப் பங்கீடு எப்படி? பாட்டில் மூக்கு டால்பின் தரையில் வேலை பார்க்கும். தலைகீழாக நின்று, மணலுக்கு மேலே மெதுவாக நகர்ந்து, தலையை அப்படியும் இப்படியும் ஆட்டும். அந்த நேரத்தில் அதன் கிளிக் ஒலி அடர்ந்து ஒரு ரீங்காரம் மாதிரி கேட்கும். மணலுக்கு அடியில் இருக்கும் விலாங்கு வகைகளை ஒலியாலேயே தேடுகிறது. ஏதோ தட்டுப்பட்டதும் அலகைக் குத்தி, சில நேரம் கண் புதையும் ஆழத்துக்குத் தலையை உள்ளே செலுத்திவிடும். வெளியே எடுத்தால் வாயில் மீன், மணலில் ஒரு குழி. அது போன வழியெல்லாம் குழி குழியாகக் கிடக்கும்.

புள்ளி டால்பினும் பகலில் மணலைத் துழாவும்தான், ஆனால் அவ்வளவு ஆழமாக அல்ல. அதன் முக்கியச் சாப்பாடு ராத்திரியில். மணல் திட்டு முடிந்து கடல் நூற்றுக்கணக்கான மீட்டர் இறங்கும் விளிம்புக்கு அப்பால் போய், மேலே ஏறி வரும் கணவாயையும் பறக்கும் கோலா மீனையும் பிடிக்கும். ஆக, பகலில் இரண்டும் ஒரே முற்றத்தில் இருந்தாலும் அடுப்பு வேறு.

அடுப்பு வேறாக இருப்பதால்தான் முற்றத்தில் பழக்கம் சாத்தியமாகிறது. இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஹெர்சிங் குழுவின் முதல் பத்து வருடப் பதிவுகளில், சந்திப்புகளில் சுமார் 15 சதவீதம் இரண்டு இனமும் கலந்தவை. சேர்ந்து பயணம், சேர்ந்து விளையாட்டு, சில நேரம் சேர்ந்து இரை தேடல், ஒரு இனத்தின் குட்டிக்குப் பக்கத்தில் மற்ற இனத்துப் பெண் காவல் மாதிரி நீந்துவதுகூட உண்டு. சுறாக்கள் சுற்றும் கடல் அது. இரண்டு இனத்தின் உடம்பிலும் சுறாக்கடித் தழும்புகள் உண்டு. கண்ணும் காதும் கூடுதலாக இருப்பது யாருக்கும் நல்லதுதான்.

ஆனால் சண்டையும் இங்கேதான். பாட்டில் மூக்கு ஆண் உடம்பில் பெரியது. இரண்டு மூன்று சேர்ந்து வந்து, புள்ளி டால்பின் ஆண்களைத் துரத்தி, மேலே ஏறி, அடக்கிவைக்கும். ஆள் பலத்தில் தனித்தனியே எதிர்க்க முடியாது. அப்போது புள்ளி டால்பின்கள் செய்வது என்ன தெரியுமா? ஆண்கள் எல்லாம் கூடி நெருக்கமாக அணி சேர்கின்றன. ஒரே நேரத்தில் மூச்சு, ஒரே நேரத்தில் திரும்பல். கரகரப்பான ஒலியை எல்லாம் ஒரே தாளத்தில் எழுப்புகின்றன. பத்துப் பேர் ஒரே உடம்பாகிவிட்ட மாதிரி. அந்த அணியைப் பார்த்துப் பெரிய டால்பின்கள் பின்வாங்குகின்றன. அனுபவம் இல்லாத இளசுகள் தாளம் தப்பினால், அணி கலைந்தால், பெரியவை மறுபடி கை ஓங்கிவிடும். பறையடிக்கும் குழுவில் ஒரே ஒரு கை பிசகினால் எப்படித் தெரியுமோ, அப்படி. அந்தத் தாளத்தைப் பழகுவதே இளசுகளுக்கு ஒரு படிப்பு என்றுதான் நான் இதைப் பார்க்கிறேன்.

அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் இரண்டும் மறுபடி பக்கத்தில் பக்கத்தில் நீந்திக்கொண்டிருக்கலாம். 'சமாதானமாக வாழ்கின்றன' என்றும் எழுத முடியாது, 'பகையாக இருக்கின்றன' என்றும் எழுத முடியாது. தினமும் முகம் பார்க்கிற அண்டை வீட்டுக்காரர்களின் உறவு அது.

இந்த ஏற்பாடு எவ்வளவு நொய்மையானது என்பதும் அங்கேயே தெரிந்தது. 2004-இல் பிரான்ஸிஸ், ஜீன் என்று இரண்டு புயல்கள் அந்தத் திட்டின் மேல் அடித்துப் போயின. அடுத்த கோடையில் எண்ணிப் பார்த்தால், இரண்டு இனத்திலும் ஏறக்குறைய 30 சதவீதத்தைக் காணோம். அடி ஒன்றுதான், ஆனால் எழுந்த விதம் வேறு. பாட்டில் மூக்குக் கூட்டத்தில் வெளியிலிருந்து புது டால்பின்கள் வந்து சேர்ந்தன. புள்ளி டால்பின் கூட்டத்துக்கு அப்படி யாரும் வரவில்லை, இருந்தவையே தங்கள் குழுக்களை மாற்றிக் கட்டிக்கொண்டன. 2013-இல் இன்னொரு திருப்பம். புள்ளி டால்பின்களில் பாதி, ஐம்பது சொச்சம், திட்டைவிட்டுக் கிளம்பி நூற்றைம்பது கிலோமீட்டருக்கும் அப்பால் பிமினி தீவுகள் பக்கம் குடிபெயர்ந்தன. நடுவில் ஆழ்கடலைக் கடந்து, தாயும் பிள்ளையுமாகப் போயிருக்கின்றன. இரை குறைந்தது காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் நினைக்கிறார்கள். பிமினியில் ஏற்கனவே இருந்த புள்ளி டால்பின்களோடு அவை மெல்லப் பழகத் தொடங்கின. இருபத்தெட்டு வருடமாக ஒரே இடத்தில் பார்த்துப் பழகிய ஆய்வாளருக்கு அந்த வருடம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

நேரமும் ஆழமும் போக, பருவத்தாலும் முறை உண்டு. ஹாங்காங்கின் லான்டாவ் தீவுக்குத் தெற்கே உள்ள கடலில் சீன வெள்ளை டால்பினும் (அதுவும் கூன்முதுகு வகைதான்) துடுப்பில்லாத கடற்பன்றியும் வருகின்றன. மழைக்காலத்தில் முத்து நதியின் நன்னீர் பெருகி வரும்போது வெள்ளை டால்பினின் நடமாட்டம் கூடும். குளிர்காலத்திலும் வசந்தத்திலும் தண்ணீரில் உப்புக் கூடியிருக்கும்போது கடற்பன்றி அந்தப் பக்கம் ஒதுங்கும். ஆற்று நீர்தான் அங்கே மணியடிக்கிறது.

இப்போது சண்டையின் இருண்ட பக்கம். ஸ்காட்லாந்தின் மோரே விரிகுடாவில் 1990-களின் தொடக்கத்தில் கடற்பன்றிகள் (இவை துடுப்புள்ள வேறொரு வகை) செத்துக் கரை ஒதுங்கின. வெளியே பெரிய காயம் இல்லை. அறுத்துப் பார்த்தால் விலா எலும்புகள் நொறுங்கியிருந்தன, உள்ளுறுப்புகள் கிழிந்திருந்தன. தோலில் இணைகோடுகளாகப் பல் கீறல்கள். அந்தக் கோடுகளின் இடைவெளியை அளந்தால், அது பாட்டில் மூக்கு டால்பினின் பல் இடைவெளி. 1996-இல் இந்த ஆய்வு வெளியானபோது, டால்பின் என்றால் சிரித்த முகம் என்று நினைத்தவர்களுக்கு அது பேரதிர்ச்சி. கொன்றதைத் தின்னவும் இல்லை. ஏன் செய்கின்றன என்பதற்குப் பல விளக்கங்கள் உண்டு. சிலர் இரைப் போட்டி என்கிறார்கள். சொந்த இனத்துக் குட்டிகளையும் அங்குள்ள டால்பின்கள் கொன்றதற்குச் சான்று கிடைத்ததால், அதே ஆவேசம் குட்டி அளவிலுள்ள கடற்பன்றி மேல் திரும்புகிறது என்பது இன்னொரு விளக்கம். என் கருத்து: சாப்பாட்டுப் போட்டி மட்டுமே காரணம் என்று சுருக்கிவிடுவது இந்த விஷயத்துக்கு நியாயம் செய்யாது.

இரண்டு இனம் சந்தித்தால் பேச்சு எப்படி இருக்கும்? கோஸ்டா ரிக்காவின் கரீபியன் கரையில் கந்தோக்கா-மன்சனீயோ என்று ஒரு காப்பகம் இருக்கிறது. அங்கே பாட்டில் மூக்கு டால்பினும், அதைவிட மிகச் சிறிய கயானா டால்பினும் அடிக்கடி சேர்ந்து திரிகின்றன. தனியாக இருக்கும்போது பெரியதன் விசில் தாழ்ந்த தொனி, சிறியதன் விசில் உயர்ந்த தொனி. இரண்டும் கூடியிருக்கும்போது பதிவு செய்தால், விசில்கள் இரண்டுக்கும் நடுவில் வந்து நிற்கின்றன. 2010-இல் வெளியான ஆய்வு இது. கேட்டவுடன் 'பாஷை கற்றுக்கொள்கின்றன' என்று சொல்லத் தோன்றும், ஆனால் அவசரப்படக் கூடாது. அந்தச் சந்திப்புகளில் பலவற்றில் பெரியவை சிறியவற்றை விரட்டிக்கொண்டிருந்தன. தொனி மாறியது நட்பாலா, பதற்றத்தாலா என்பது ஒலியை மட்டும் வைத்துச் சொல்லக் கூடியது அல்ல.

துடுப்பில்லாத கடற்பன்றி இதில் வேறு வழி. அது விசிலே அடிப்பதில்லை. அதன் கிளிக் ஒலி நூறு கிலோஹெர்ட்ஸுக்கும் மேலே, பெரிய வேட்டைக்காரனான கொல்லும் திமிங்கிலத்தின் காதுக்குச் சரியாக எட்டாத உயரத்தில் இருக்கிறது. ஒளிந்து வாழ்கிறவன் தணிந்த குரலில் பேசுவான், இது எட்டாத குரலில் பேசுகிறது.

குட்டி போடுமா என்றால், போடும். 1985-இல் ஹவாயில் ஒரு நீர்க்காட்சியகத்தில் பாட்டில் மூக்குத் தாய்க்கும் பொய்க் கொல்லும் திமிங்கிலத் தந்தைக்கும் ஒரு குட்டி பிறந்தது. அது வளர்ந்து தானும் குட்டி ஈன்றது. அடைத்து வைத்த இடம் என்று அதை ஒதுக்கினாலும், திறந்த கடலிலும் நடக்கிறது. ஹவாயின் கவாய் தீவுப் பக்கம் முலாம்பழத்தலைத் திமிங்கிலத்துக்கும் கரடுமுரடுப் பல் டால்பினுக்கும் பிறந்த ஒரு கலப்பை 2018-இல் மரபணு வழியாக உறுதிசெய்து அறிவித்தார்கள். (பெயரில் திமிங்கிலம் என்று இருந்தாலும் இவையெல்லாம் டால்பின் குடும்பம்தான்.) இன்னும் பெரிய செய்தி, அட்லாண்டிக்கில் வாழும் கிளைமீன் டால்பின் என்ற இனமே ஸ்பின்னரும் வரி டால்பினும் பண்டைக் காலத்தில் கலந்ததில் உருவானது என்று மரபணு காட்டுகிறது.

ஆனால் கலப்பு எப்போதும் புது வரவு அல்ல. கிரீஸில் கொரிந்த் வளைகுடா நிலம் சூழ்ந்த ஆழமான கடல். அங்கே வரி டால்பின்கள் ஆயிரத்துக்கும் மேல். பொது டால்பின் என்ற இன்னொரு வகை சில பத்து மட்டுமே மிஞ்சியிருக்கிறது. சொந்தக் கூட்டம் இல்லாததால் அவை வரி டால்பின் கூட்டங்களோடேயே திரிகின்றன. இரண்டுக்கும் இடைப்பட்ட நிறம் கொண்ட டால்பின்கள் தென்படுகின்றன, கலப்பு என்பதை மரபணுவும் உறுதி செய்துவிட்டது. வெளியே பார்த்தால் இரண்டு இனம் அழகாகச் சேர்ந்து நீந்தும் காட்சி. உள்ளே பார்த்தால் ஒன்று மற்றொன்றில் கரைந்து மறைந்துகொண்டிருக்கலாம். கலந்து நீந்தும் கூட்டத்தைப் படத்தில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த வளைகுடா ஞாபகம் வருகிறது.

நம் பக்கத்துக் கடலுக்கு வருவோம். பேச்சுவழக்கில் ஓங்கில் என்ற ஒரே சொல்லுக்குள் எல்லாவற்றையும் அடக்கிவிடுகிறோம். ஆனால் பாக் நீரிணையும் மன்னார் வளைகுடாவும் ஒரே கடல் அல்ல. பாக் நீரிணைப் பக்கம் பெரும்பாலும் பதினைந்து மீட்டருக்குள், சேறும் கடல்புல்லுமாக இருக்கும் தண்ணீர். கூன்முதுகு டால்பினுக்கும் துடுப்பில்லாத கடற்பன்றிக்கும் ஏற்ற இடம், ஸ்பின்னருக்கு அங்கே இரவுச் சாப்பாடு கிடையாது. மன்னார் வளைகுடா தெற்கே போகப் போக ஆயிரம் மீட்டருக்கும் மேல் ஆழமாகிறது. கரையோரம் கூன்முதுகு, தீவுகளை ஒட்டிப் பாட்டில் மூக்கு, வெளியே ஸ்பின்னர் என்று அடுக்கு விழுகிறது. இங்கே கரையோரத்தில் இருப்பது இந்தோ-பசிபிக் பாட்டில் மூக்கு என்ற வகை. பஹாமாஸில் பார்த்ததைவிடச் சற்று ஒல்லி, வயதானால் வயிற்றில் புள்ளி விழும்.

கரையில் நின்றே பிரித்துப் பார்க்கலாம். முதலில் நீண்ட அலகு சாய்வாக வெளியே வந்து, பின்னால் முதுகுமேடு வளைந்து, சாவகாசமாக மறைந்தால் அது கூன்முதுகு. துடுப்பு எதுவும் தெரியாமல் கறுப்பு டயர் ட்யூப் ஒன்று உருண்டு மறைந்த மாதிரி இருந்தால் கடற்பன்றி. கொக்கி மாதிரிப் பின்னால் வளைந்த துடுப்பும் தடித்த உடம்பும் பாட்டில் மூக்கு. முதுகு கருஞ்சாம்பல், பக்கம் இளஞ்சாம்பல், வயிறு வெள்ளை என்று மூன்று பட்டையாகத் தெரிந்தால், அதுவும் கூட்டமாகத் துள்ளினால், ஸ்பின்னர்.

இந்தப் பிரிவு ஏன் முக்கியம் என்றால், இடம் பிரிந்ததும் ஆபத்தும் பிரிந்துவிடுகிறது. கரையோரத்திலேயே வாழும் கூன்முதுகு டால்பினுக்கு எமன் கரையோரச் செவுள் வலையும், துறைமுகக் கட்டுமானமும், ஆறு கொண்டுவரும் கழிவும். அழியும் ஆபத்திலுள்ள இனம் என்று உலகப் பாதுகாப்புப் பட்டியலில் அது இருக்கிறது. அதற்கு விலகி ஓட வேறு கடல் கிடையாது. வெளியே இருக்கும் ஸ்பின்னருக்கு ஆபத்து சூரை மீனுக்கு விரிக்கும் பெரிய செவுள் வலைகள். இலங்கையில் வலையில் சிக்கிச் சாகும் டால்பின்களில் மிக அதிகம் ஸ்பின்னர்தான். இந்தியாவிலும் இலங்கையிலும் சட்டம் எல்லா டால்பினையும் ஒன்றுபோலப் பாதுகாக்கிறது, அது நல்லது. ஆனால் கரையோர வலையை ஒழுங்குபடுத்தினால் ஸ்பின்னருக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆழ்கடல் வலையை மாற்றினால் கூன்முதுகுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. 'டால்பினைக் காப்போம்' என்று பொதுவாகச் சொல்வதோடு நிறுத்தினால், யாரை, எந்த இடத்தில், எந்த நேரத்தில் என்ற கேள்வி விழுந்துவிடுகிறது. அந்தக் கேள்வியை விடக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு எழுதினேன்.

நேரத்தைப் பற்றிக் கடைசியில் வருகிறேன் என்றேன் அல்லவா. ஹவாயில் 2021-லிருந்து கரையோரக் கடலில் ஸ்பின்னர் டால்பின்களுக்கு 45 மீட்டருக்குள் யாரும் நெருங்கக் கூடாது என்று விதி வந்தது, நீந்துகிறவரானாலும் படகானாலும். காரணம் அவை பகலில் தூங்க வருகிறவை என்பதுதான். நீங்கள் அடுத்த முறை கல்பிட்டிக்கோ வேறு எங்கேயோ காலை ஏழு மணிக்குப் படகில் போனால், கூட்டத்தைக் கண்டதும் படகுக்காரரிடம் எஞ்சினைத் தணித்து, பக்கவாட்டில் தள்ளி நிறுத்தச் சொல்லுங்கள். துள்ளாமல், சத்தமில்லாமல், நெருக்கமாக மெல்லப் போய்க்கொண்டிருக்கும் கூட்டம் என்றால் பின்தொடர வேண்டாம் என்று சொல்லுங்கள். ராத்திரி முழுக்க விளிம்புக்கு அப்பால் வட்டம் கட்டி வேலை பார்த்துவிட்டு இப்போதுதான் திரும்பியிருக்கின்றன.